ராத்திரியில் துருப்பிடிக்கும் சைலன்சர்

ஒரு லிட்டர் டீசலை எரித்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது. நம்பச் சிரமமாக இருக்கும், ஆனால் கணக்கு எளியது. டீசலின் எடையில் சுமார் எட்டில் ஒரு பங்கு ஹைட்ரஜன். அது ஆக்சிஜனோடு சேரும்போது தன் எடையைப்போல் ஒன்பது மடங்கு தண்ணீராகிறது. மீதி பெரும்பாலும் கார்பன். அது 2.6 கிலோவுக்கு மேல் கரியமில வாயுவாகிப் போகிறது. இத்தனையும் நடக்க அந்த ஒரு லிட்டருக்குக் குறைந்தது பத்து கன மீட்டர் காற்று வேண்டும். ஆறரை அடிக்கு ஆறரை அடி, எட்டடி உயரம் என்று ஒரு சின்ன அறை கட்டினால் அதற்குள் அடங்கும் காற்று அவ்வளவுதான்.

இந்தக் கணக்கைப் பழவேற்காட்டுக் கரையில் நிற்கும் ஒரு ஃபைபர் படகுக்குப் போட்டுப் பார்க்கலாம். மோட்டார் பொருத்திய நாட்டுப்படகுகளுக்கு ஆண்டுக்கு 4,000 லிட்டராக இருந்த விற்பனை வரி விலக்கு டீசலைத் தமிழக அரசு 2023இல் 4,400 லிட்டராக உயர்த்தியது. ஒரு படகு அதை முழுக்க எரித்தால், அதன் புகைக்குழாய் வழியாக ஓராண்டில் நான்கு டன்னுக்கு மேல் நீராவியும் பதினோரு டன்னுக்கு மேல் கரியமில வாயுவும் போகின்றன. படகின் எடையைவிடப் பல மடங்கு. இவ்வளவும் கைப்பிடிக்குள் அடங்கும் ஒரு குழாய் வழியாக. அந்தக் குழாயை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இன்ஜினில் கோளாறு என்றதும் கை முதலில் போவது டீசல் ஃபில்டருக்கு. அடுத்து இன்ஜெக்டர், அவுட்போர்டாக இருந்தால் பிளக். எல்லாம் உள்ளே போகிற வழி. இன்ஜினும் நம்மைப்போல மூச்சு இழுத்தால் மட்டும் போதாது, விட்டாகவும் வேண்டும். விடுகிற வழி அடைபட்டால் இழுக்கிற வழியை எவ்வளவு சுத்தம் செய்தும் பயனில்லை. சைலன்சர் கையோடு கழன்று விழும்வரை அதைக் கவனிக்காமல் இருப்பது பழவேற்காட்டின் பழக்கம் மட்டுமல்ல, மோட்டார் ஓடும் எல்லாக் கரைக்கும் பொது.

பழவேற்காட்டில் அதன் விலை மட்டும் கொஞ்சம் அதிகம். சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு ஓரம் திருவள்ளூர் மாவட்டத்தில். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு. தெற்கே ஆரணி ஆறு வந்து விழுகிறது. ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். மழைக்காலத்தில் தண்ணீர் நன்னீரை நெருங்கும், கோடையில் கடலைவிடக் கரிக்கும். கூனங்குப்பம், கோரைக்குப்பம், வைரவன்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் என்று நீளும் ஊர்களிலிருந்து ஏரிவழியாகக் கடலுக்குப் போகிறவர்கள் முகத்துவாரத்தைத் தாண்டித்தான் ஆகவேண்டும். மணல் மேடிட்டு, அலை குறுக்கே உடையும் அந்த இடத்தில் இன்ஜினின் முழு பலமும் தேவை. பத்து குதிரைத் திறன் என்று தட்டில் எழுதியிருக்கும் இன்ஜின் அங்கே ஏழு மட்டும் தந்தால், மூன்று எங்கே போயிற்று என்று நிதானமாக யோசிக்க அலை நேரம் தராது.

இந்தக் கரையில் இரண்டு வகை இன்ஜின்களைப் பார்க்கலாம். ஒன்று, படகின் பின்பக்கம் சுழலும் தாங்கியில் உட்கார்ந்து, நீண்ட தண்டின் நுனியில் காற்றாடியைச் சுழற்றும் லாங் டெயில் டீசல். ஒற்றை சிலிண்டர், காற்றால் குளிர்வது. ஆழம் குறைந்தால் தண்டைத் தூக்கிக்கொள்ளலாம் என்பதால் ஏரிக்கும் மணல் திட்டுக்கும் தோதானது. இன்னொன்று, பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றும் அவுட்போர்டு. கரையிலேறும் படகுக்குச் சிறு டீசல் இன்ஜினை எப்படிப் பொருத்துவது என்ற ஆராய்ச்சியில் சென்னைக்கும் பங்கு உண்டு. ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கி, அலையில் இறங்கி ஏறும் படகுகளையும் தூக்கி மடக்கக்கூடிய உந்துதண்டுகளையும் வடிவமைத்துப் பார்த்தது. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரம் இருந்த இடமெல்லாம் ஃபைபர் படகுக்குப் போனது நாமே பார்த்தது.

லாங் டெயில் டீசல் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால் அதன் எக்ஸாஸ்ட் வால்வு நொடிக்கு 25 முறை திறக்கிறது. ஒவ்வொரு முறையும், வெளிக்காற்றைவிடச் சில மடங்கு அழுத்தத்தில், 500 டிகிரி வாக்கில் கொதிக்கும் வாயு குழாய்க்குள் பாய்கிறது. காதில் விழும் அந்த 'டப டப' சத்தம் இந்த இருபத்தைந்து அடிகள்தான். டீசலில் இருந்த ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த வழியாகத்தான் வீணாகிறது. காற்றாடிக்குப் போவதும் கிட்டத்தட்ட அதே அளவு.

அந்த வாயுவோடு கரியும் வருகிறது. டீசல் துளி எரியும்போது அதன் நடுவில் ஆக்சிஜன் போதாத இடம் ஒன்று எப்போதும் இருக்கும். அங்கே எண்ணெய் மூலக்கூறுகள் உடைந்து வளையங்களாகி, வளையங்கள் தட்டுகளாகி, தட்டுகள் அடுக்கி மில்லிமீட்டரில் லட்சத்தில் சில பங்கு அளவுள்ள உருண்டைகளாகின்றன. உருண்டைகள் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டால் அதுவே நாம் கையில் பூசிக்கொள்ளும் கரி. மெழுகுவர்த்திச் சுடர் மஞ்சளாக ஒளிர்வதே இந்தக் கரித்துகள்கள் தகதகப்பதால்தான் என்று லண்டன் ராயல் நிறுவனத்தில் சிறுவர்களுக்கு நடத்திய சொற்பொழிவுகளில் மைக்கேல் ஃபாரடே விளக்கினார். சுடரில் அழகாகத் தெரிவது சைலன்சருக்குள் அடைப்பாகிறது.

எப்போது அதிகம் சேரும்? இன்ஜின் சிரமப்படும்போது என்றுதான் தோன்றும். பாதிதான் சரி. வலை இழுக்கும்போதும் முகத்துவாரத்தில் முழுத் திருகலிலும் கரும்புகை தள்ளுவது உண்மை, ஆனால் அப்போது குழாய் சூடாக இருக்கும், வேகமும் இருக்கும், கரியில் கணிசமான பங்கு வெளியே போய்விடும். மோசமானது சும்மா ஓடும் நேரம். ஏரியில் மெதுவாக ஊர்ந்து போகும்போதும், வலையைப் பார்த்துக்கொண்டு இன்ஜினை அணைக்காமல் விடும்போதும் சிலிண்டர் முழுச் சூடு ஏறுவதில்லை. எரியாத டீசலும் கசியும் ஆயிலும் கரியோடு கலந்து தார் போன்ற பிசினாகி ஒட்டிக்கொள்கின்றன. அடுத்த முறை சூடேறும்போது அது காய்ந்து கெட்டியாகும். அதன்மேல் அடுத்த பூச்சு.

அனுபவமுள்ள மெக்கானிக் இன்ஜினைத் தொடுமுன் கேட்பது, "புகை என்ன கலர்ல வருதுண்ணே?" என்றுதான். கறுப்பு என்றால் எண்ணெய் அதிகம் அல்லது காற்று குறைவு. நீலம் என்றால் ஆயில் எரிகிறது, ரிங்கையோ வால்வையோ பார்க்க வேண்டும். வெள்ளை என்றால் எரியாத எண்ணெய் அல்லது தண்ணீர். காலையில் கிளப்பியதும் சிறிது நேரம் வெள்ளையாக வந்து நிற்பதில் பயமில்லை. சூடேறிய பிறகும் நிற்காவிட்டால் கவனிக்க வேண்டும். புகை காற்றில் கலைந்துவிடும், குழாயின் உட்சுவரில் படிந்தது கலையாது. அதனால்தான் கழற்றிப் பார்ப்பது புகையைப் பார்ப்பதைவிட நம்பகமானது.

இப்போது ஒரு சிறு கணக்கு. கொந்தளித்து ஓடும் வாயுவைக் குழாய்வழியே தள்ளத் தேவைப்படும் அழுத்தம், குழாயின் விட்டம் சுருங்கச் சுருங்க அதன் ஐந்தாம் அடுக்கில் ஏறும். 40 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயில் சுற்றிலும் 2 மில்லிமீட்டர் கரி படிந்தால் விட்டம் 36 ஆகிறது. பத்தில் ஒன்றுதானே குறைந்தது என்று விட்டுவிடத் தோன்றும். தடையோ சுமார் 70 சதவீதம் கூடிவிட்டது. 5 மில்லிமீட்டர் படிந்தால் நான்கு மடங்குக்கு மேல். அத்தனையையும் பிஸ்டன்தான் முக்கித் தள்ள வேண்டும். தள்ள முடியாத எரிந்த வாயு சிலிண்டரிலேயே தங்கும். அது தங்கிய இடத்தில் புதுக் காற்று நுழையாது. காற்று குறைந்தால் கரி கூடும். கரி கூடினால் குழாய் மேலும் சுருங்கும். இன்ஜின் சூடாகும், டீசல் அதிகம் குடிக்கும், பலம் குறையும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு 'இன்ஜின் பழசாயிடுச்சு' என்று தோன்றும். பழசானது இன்ஜின் அல்ல.

அடைப்பு ஒரு பாதி. மறுபாதி அரிப்பு. இங்கேதான் எனக்கு ஆச்சரியம் அதிகம். சைலன்சர் ஓட்டை விழுவது அந்த 500 டிகிரி வெப்பத்தால்தான் என்று பொதுவாக நினைக்கிறோம். வெப்பத்துக்கும் பங்குண்டு. ஆனால் பெரும்பாலான சேதம் இன்ஜின் ஓடும்போது நடப்பதே இல்லை. படகு கரையேறி, வலையை உதறி, எல்லோரும் தூங்கப் போன பிறகு நடக்கிறது.

முதலில் அமிலம். எரிபொருளிலுள்ள கந்தகம் எரிந்து கந்தக டை ஆக்சைடாகிறது. அதில் சில சதவீதம் இன்னொரு ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு, நீராவியோடு கூடிக் கந்தக அமிலமாகிறது. குழாய்ச் சுவர் சூடாக இருக்கும்வரை அமிலம் ஆவியாகவே போய்விடும். சுமார் 120 முதல் 150 டிகிரிக்குக் கீழே ஆறிய இடத்தில் அது பனித்துளியாக வியர்க்கும். மேனிஃபோல்டு சூடாக இருக்கும்போதே சைலன்சரின் வால்பகுதி அந்த அளவுக்கு ஆறிக்கிடக்கலாம். குறைந்த தூரம் ஓட்டி அணைத்துவிட்டால் குழாய் முழுதுமே ஆறல்தான். சைலன்சர் எப்போதும் வால்பக்கமாகவும், தண்ணீர் தேங்கும் அடிப்பக்கத் தையலிலும் முதலில் இற்றுப்போவதன் ரகசியம் இது.

கந்தகத்தின் கதை சமீபத்தில் மாறியிருக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ். 6 எரிபொருள் வந்தபின், டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்து பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. 4,400 லிட்டர் டீசலில் இப்போது கந்தகம் 40 கிராம்கூட இல்லை. மண்ணெண்ணெய் அப்படியல்ல. அதற்கான இந்தியத் தரநிலை எடையில் 0.25 சதவீதம் வரை கந்தகத்தை அனுமதிப்பது. நாட்டுப்படகுக்கான ஆண்டு மானிய அளவான 3,700 லிட்டரில் அந்த உச்ச அளவு இருந்தால் கந்தகம் மட்டுமே ஏழு கிலோ. மண்ணெண்ணெய் ஓட்டுகிறவர் தம் இன்ஜினின் புகைவழியை டீசல்காரரைவிட அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

அடுத்தது உப்பு. மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடி கசிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரைந்துவிடும். கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் உண்டு, அதற்கு 33 சதவீதமே போதும். பழவேற்காட்டில் காற்று அந்த அளவுக்கு வறண்டுபோகும் நாள் அபூர்வம். ஆகவே, மழையே பெய்யாவிட்டாலும், அலையே தெறிக்காவிட்டாலும், ஒருமுறை உப்புப் படிந்த இரும்பு காய்வதேயில்லை. பகலில் வெள்ளையாகத் தெரிவது ராத்திரியில் மெல்லிய உப்புநீர்ப் படலமாக மாறிவிடும். துருப்பிடிக்க அதற்குமேல் எதுவும் வேண்டாம்.

கொடுமை என்னவென்றால், இந்த வினையில் குளோரைடு செலவாவதில்லை. இரும்பைக் கரைத்துவிட்டு, துரு உருவானதும் விடுபட்டு, அடுத்த இரும்பைத் தேடிப் போகும். ஒரு சிட்டிகை உப்பு ஒரு கிலோ இரும்பைத் தின்றுவிட்டு அப்படியே இருக்கும். எவர்சில்வர் போட்டால் தப்பிக்கலாமா? அதன் காவல், மேற்பரப்பில் மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாத குரோமியம் ஆக்சைடுப் படலம். சூடும் குளோரைடும் சேர்ந்தால் அந்தப் படலம் ஊசிமுனை இடத்தில் உடையும். வெளியே ஒரு புள்ளி, உள்ளே ஒரு குகை.

இரண்டையும் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பது கரி. நுண்துளைகள் நிறைந்த பொருள் அது. அமிலத்தையும் உப்பையும் ஈரத்தையும் உறிஞ்சி, இரும்புச் சுவரோடு ஒட்ட வைத்துக்கொண்டு விடியும்வரை இருக்கும். போதாததற்குக் கரி மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. ஈரமான இடத்தில் இரும்போடு சேர்ந்தால் சின்ன பேட்டரியாகி அரிப்பை வேகப்படுத்தும். புகைவழியிலிருந்து கரியைச் சுரண்டி எடுப்பது வாயு தாராளமாகப் போக மட்டுமல்ல. ராத்திரி வேலையை நிறுத்துவதற்கும் அதுதான் வழி.

அவுட்போர்டு வேறு மாதிரி. அதில் நெருப்பும் தண்ணீரும் ஒரு மெல்லிய அலுமினியச் சுவரின் இரு பக்கத்தில் குடியிருக்கின்றன. கீழே காற்றாடிக்கு மேலிருந்து ரப்பர் இம்பெல்லர் கடல்நீரை உறிஞ்சி மேலே அனுப்பும். அது சிலிண்டரையும் எக்ஸாஸ்ட் பாதையையும் குளிர்வித்துவிட்டுப் புகையோடு சேர்ந்து கீழே இறங்கி நீருக்குள் வெளியேறும். பின்பக்கம் பீச்சும் மெல்லிய நீர்த்தாரை, தண்ணீர் ஓடுகிறது என்பதற்கு அடையாளம். தாரை மெலிந்தால் இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம். முகத்துவார மணல் கலந்த நீரை உறிஞ்சும் ரப்பருக்கு ஆயுள் நீளாது.

இன்னொரு காரணம் உள்ளே இருக்கலாம். சர்க்கரை சூடான நீரில் அதிகம் கரையும். கால்சியம் கார்பனேட்டும் கால்சியம் சல்பேட்டும் நேர்மாறு, நீர் சூடாகச் சூடாக அவை கரையாமல் பிரியும். கடல்நீரில் இரண்டுக்குமான சரக்கு உண்டு. அவை படிவது நீர் அதிகம் சூடாகும் இடத்தில், அதாவது எக்ஸாஸ்ட் பாதையை ஒட்டிய சந்துகளில். கடல்நீர் ஓடும் இன்ஜின்களின் தெர்மோஸ்டாட்டை, காரில் வைப்பதைவிடக் குறைந்த வெப்பத்திலேயே திறக்கும்படி வைப்பது இதற்காகத்தான். கோடையில் கடலைவிடக் கரிக்கும் ஏரியில் ஓட்டுபவருக்குப் படிவு இன்னும் சீக்கிரம் வரும்.

டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டாக இருந்தால் புகைவழிக்கு இன்னொரு வேலையும் உண்டு. சிலிண்டரிலிருந்து பாயும் வாயு, குழாயில் ஓர் அழுத்த அலையாக, நொடிக்கு 500 மீட்டர் வேகத்தில் ஓடும். குழாய் விரியும் இடத்தில் அது இழுவையாகத் திரும்பி வந்து மிச்சப் புகையை உறிஞ்சும். சுருங்கும் இடத்தில் தள்ளலாகத் திரும்பி வந்து, தப்பியோடும் புதுக் கலவையைச் சிலிண்டருக்குள் திருப்பி அடைக்கும். கதவே இல்லாத வாசலுக்கு ஒலி அலையைக் கதவாக்கிய இந்தத் தந்திரத்தை 1950களில் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். மோட்டார்சைக்கிள் நிறுவனத்தில் வால்டர் காடன் என்ற பொறியாளர் பந்தய வண்டிகளில் செம்மைப்படுத்தினார். ஆர்.எக்ஸ். 100 பைக்கின் சைலன்சரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சத்தம் கூடும், இழுவை குறையும். கரியால் உருமாறிய புகைவழியும் அதைத்தான் செய்கிறது, சத்தம் போட்டுக் காட்டிக்கொடுப்பதில்லை என்பதுதான் வித்தியாசம்.

அவுட்போர்டில் சின்னச் சின்னச் சாம்பல்நிறக் கட்டிகள் திருகியிருக்கும், சிங்க் அல்லது அலுமினியக் கலவை. அவை தேய்வதுதான் அவற்றின் வேலை. தாம் கரைந்து மற்ற உலோகத்தைக் காப்பாற்றும். இதைக் கண்டுபிடித்தவர் ஹம்ஃப்ரி டேவி. பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அடியில் வேய்ந்த செப்புத் தகடு கடல்நீரில் அரிப்பதைத் தடுக்க 1824இல் இரும்பு, துத்தநாகத் துண்டுகளை அதோடு இணைத்தார். அப்படிச் சோதித்த கப்பல்களில் ஒன்றான சமராங், நம் கொச்சியில் கட்டி 1822இல் நீரில் இறக்கியது. செம்பு அரிக்கவில்லை, கணக்கு பலித்தது. ஆனால் கரையாத செம்பின்மேல் சிப்பியும் பாசியும் மொய்த்துக் கப்பல் வேகம் குறைந்துபோனதால் கடற்படை அந்த ஏற்பாட்டையே கைவிட்டது. பாவம் டேவி. நமக்கு இதில் பாடம் வேறு: கட்டி காப்பது தண்ணீருக்குள் இருக்கும் உலோகத்தை மட்டும். காற்றில் இருக்கும் லாங் டெயில் சைலன்சருக்கு எத்தனை சிங்க் கட்டி கட்டினாலும் பயன் சுழி.

சரி, கழற்றலாம். முதல் எதிரி போல்ட். அலுமினியத்தில் முறுக்கிய எவர்சில்வர் போல்ட் உப்புநீரில் இறுகிப்போகும். அலுமினியம் அரித்து வரும் வெள்ளைத் தூள் உலோகத்தைவிட அதிக இடம் கேட்டு, மரைகளுக்கு நடுவே ஆப்பு அடித்ததுபோல் நிற்கும். ஸ்பேனரை நீட்டிப் பலம் போட்டால் தலை முறியும். வழி, சூடு காட்டுவது. ஒரு டிகிரிக்கு அலுமினியம் விரியும் அளவு இரும்பின் விரிவைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு, எவர்சில்வரைவிடவும் கூடுதல். துளை போல்ட்டைவிடப் பெரிதாகும், ஆப்பு நெகிழும். பெட்ரோல் டேங்கும் மண்ணெண்ணெய் கேனும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டும்.

கழற்றியதும் துடைத்துவிடக் கூடாது. முதலில் பார்க்க வேண்டும். மேனிஃபோல்டு சேரும் இடத்தில் கறுப்புக் கீற்று விசிறிபோல் படர்ந்திருந்தால் கேஸ்கெட் கசிந்திருக்கிறது. வறண்ட மைபோன்ற கரி என்றால் எண்ணெய் அதிகம், பளபளக்கும் ஈரக் கரி என்றால் ஆயில் மேலேறுகிறது. அவுட்போர்டின் போர்ட் வாயில் வெள்ளைப் படிவோ துரு நிறமோ தெரிந்தால் தண்ணீர் வரக்கூடாத வழியில் வருகிறது, சுவர் எங்கோ ஓட்டை. சைலன்சரைத் தொங்கவிட்டுச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் நல்ல தகடு கணகணக்கும், இற்றது மொத்தென்று சொல்லும். மொத்தென்ற இடத்தில் ஆணிமுனையை வைத்து அழுத்தினால் மிச்சம் தெரிந்துவிடும்.

சுரண்டுவதற்கு ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். அலுமினியத்தில் விழும் ஒவ்வொரு கீறலும் அடுத்த கரிக்கு வேர். மரச் சீவலோ மழுங்கிய தகடோ போதும், போர்ட் வாயைப் பிஸ்டன் மூடி நிற்கும் நிலையில் வைத்துக்கொண்டால் கரி உள்ளே விழாது. டூ-ஸ்ட்ரோக் பைக் காலத்து மெக்கானிக்குகள் சைலன்சரைத் தீயில் காட்டிக் கரியை எரித்ததைப் பார்த்தவர்கள் இங்கும் அதைச் செய்ய நினைக்கலாம். இரும்பு சைலன்சருக்குச் சரி. அலுமினியம் 660 டிகிரியில் உருகும், அதற்கு வெகு முன்பே வலுவிழக்கும். காஸ்டிக் சோடாவும் அப்படியே. இரும்பில் பிடித்த பிசினைக் கரைக்கும், அலுமினியத்திலோ உலோகத்தையும் சேர்த்துக் கரைத்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். பக்கத்தில் பீடி பற்றவைத்தால் விபரீதம். ஓட்டை விழுந்த இடத்தில் கைக்குக் கிடைத்த ஜி.ஐ. பைப்பை வெல்டிங் செய்து ஒப்பேற்றுவதும் நல்லதல்ல. துத்தநாகம் 419 டிகிரியில் உருகிவிடும், வெல்டிங்கில் எழும் அதன் வெண்புகையை இழுத்தவருக்கு ராத்திரி காய்ச்சல் வரும்.

கரியையே கொஞ்சம் மரியாதையோடு கையாள வேண்டும். தொழிலால் வரும் புற்றுநோயை உலகம் முதன்முதலில் அடையாளம் கண்டதே புகைக்கரியில்தான். லண்டன் புகைபோக்கிகளைச் சுத்தம் செய்த சிறுவர்களுக்குப் பிற்காலத்தில் வந்த விதைப்பைப் புற்றுநோய் பற்றி மருத்துவர் பெர்சிவால் பாட் 1775இல் எழுதினார். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் அறிவித்தது. ஆகவே வறண்ட கரியை வாயால் ஊதக் கூடாது. நனைத்துச் சுரண்டி, மூக்கில் துணி கட்டி, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பழைய கேஸ்கெட்டில் கல்நார் இருக்க வாய்ப்புண்டு, அதையும் நனைத்தே எடுக்க வேண்டும். கழுவிய டீசலையும் காஸ்டிக்கையும் ஏரியில் ஊற்றுவது, இறாலும் நண்டும் வளரும் தொட்டிலில் ஊற்றுவது.

சென்னை காசிமேட்டுப் பெரிய விசைப்படகுகளுக்கு இந்த வேலைக்கென்றே ஒரு காலம் வாய்த்திருக்கிறது: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அங்கே கேஸ்கெட் கசிவு உயிர்ப் பிரச்சினையும்கூட. மூடிய இன்ஜின் அறைக்கு மேலே ஆட்கள் படுத்துறங்குவார்கள். கசியும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை, ரத்தச் சிவப்பணுவோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். திறந்த ஃபைபர் படகில் அந்த ஆபத்து குறைவு. ஆனால் ஓட்டை சைலன்சருக்கு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் ஓட்டுபவரின் காது மெல்ல மெல்லப் போகும். போன காது திரும்பாது.

இவ்வளவுக்கும் மிக மலிவான மருந்து நல்ல தண்ணீர்தான். கரையேறியதும் அவுட்போர்டுக்குள் சில நிமிடம் நன்னீர் ஓட விட்டால், சந்துகளில் உப்பு உறையுமுன் போய்விடும். ஆறிய லாங் டெயில் சைலன்சரின் வெளிப்புறத்தில் ஒரு வாளி ஊற்றித் துடைத்தால் குளோரைடுக்கு அன்றைய ராத்திரி வேலையில்லை. பழவேற்காட்டுக் குப்பங்களில் அந்த ஒரு வாளி நன்னீர் சுலபமான பொருளல்ல. தோண்டினால் உப்பு, குடிப்பதற்கே தேடி எடுக்கும் இடத்தில் இன்ஜினைக் குளிப்பாட்டு என்று சொல்வது சொல்பவருக்கு எளிது. அரசு இன்ஜினுக்கு மானியம் தருகிறது, டீசலுக்கு வரிவிலக்குத் தருகிறது, மண்ணெண்ணெய்க்கு விலைக்கழிவு தருகிறது. மூன்றையும் ராத்திரியில் உப்பு தின்றுகொண்டிருக்கிறது. படகு கட்டும் ஒவ்வொரு இறங்குதளத்திலும் இன்ஜின் கழுவ ஒரு நன்னீர்க் குழாய், பக்கத்தில் கழுவிய எண்ணெயைப் பிடித்துவைக்க ஒரு தொட்டி. மீன்வளத் துறை அடுத்த மானியப் பட்டியலைத் தயாரிக்கும்போது இந்த இரண்டையும் முதல் வரியில் எழுதட்டும்.